நிலவறையில் ஒரு நெருப்பு

சிகாகோ குளிர் லேசுப்பட்டதல்ல. 1985 ஜனவரி 20-ல் அங்கே உஷ்ணநிலை பூஜ்யத்துக்குக் கீழே ஏறக்குறைய 33 டிகிரி சென்டிகிரேடுக்கு இறங்கிவிட்டது!

அந்நகரத்துப் பழைய வீடுகள் பலவற்றின் நிலவறையில் ஒரு காஸ் உலை உண்டு. நெருப்பையும் வீட்டுக் காற்றையும் பிரிப்பது அதனுள் இருக்கும் உலோகச் சுவர்தான். உலை எரியும்போது விரிந்து, அணையும்போது சுருங்கி, வருஷக்கணக்கில் உழைத்து, கடைசியில் அது விரிசல் விடுகிறது. தூசி அடைத்த வடிகட்டி அந்த நாளைச் சீக்கிரம் கொண்டுவரும்.

விரிசல் வழியே கார்பன் மோனாக்ஸைடு அறைகளில் புகலாம். அதற்கு நிறமில்லை, மணமில்லை. முதலில் தலைவலி, பிறகு மயக்கம், முடிவில் மரணம்! அதனால்தான் மெக்கானிக் விரிசலைக் கண்டதும், வெளியே பனி கொட்டினாலும், காஸை மூடிவிடுகிறார். 1994-ல் நகரசபையும் வீடுகளில் எச்சரிக்கைக் கருவியைக் கட்டாயமாக்கியது.

குளிர் வருமுன்பே உலையைச் சோதித்துவிட்டால் கவலையில்லை.