எழுதி வைத்தால் போதுமா?

சென்ற ஆண்டு ஆராய்ச்சிக் கூடத்தில் நான் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்த முதல் சொத்து ஓர் அலமாரித் தட்டு. முன்பு அங்கே பணியாற்றிப் பட்டம் பெற்றுப் போன அன்பர் ஒருவர் விட்டுச் சென்ற கண்ணாடிக் குப்பிகள் இருபத்து மூன்று அதில் இருந்தன. 'ஏ-2', 'ஏ-2 புதியது', 'ஏ-2 மிகப் புதியது' என்று சீட்டுகள் ஒட்டியிருந்தார். உள்ளே இருப்பது என்ன என்று அவருடைய குறிப்பு நோட்டைப் புரட்டினேன். "நேற்றுப் போலவே செய்தேன், வரவில்லை" என்று ஒரு வரி. நேற்று என்ன செய்தார் என்பதற்கு முந்தின பக்கத்தில் ஒரு சொல்லும் இல்லை.

அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கி மூன்று மாதம் மன்றாடினேன். எனக்கும் வரவில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு அவருக்குத் தொலைபேசியில் பேசினேன். "சேமிப்பு அறைக் கரைப்பானில் ஈரம் இருக்கும், நீயே உலர்த்திக் கொள்ள வேண்டும், எனக்கு முதல் ஆண்டிலேயே தெரியுமே!" என்றார், மிகுந்த அன்போடு.

என் மூன்று மாதம் போனது ஒரு பெரிய நஷ்டமன்று. விடுதிச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக் கொண்டு காலத்தைக் கழித்தேன், அவ்வளவுதான். ஆனால் இதே போன்ற மௌனம் மருத்துவத்தில் நேர்ந்தால் என்ன ஆகும்?

1980ஆம் ஆண்டு பிரிட்டனில் லோர்கைனைடு என்ற மருந்தைச் சோதித்தார்கள். மாரடைப்பு கண்டவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாவதைத் தடுக்கும் மருந்து அது. நூறு பேருக்குச் சற்றுக் குறைவானவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மருந்தும் மற்றதற்கு வெறும் போலி மாத்திரையும் கொடுத்தார்கள். துடிப்பு ஒழுங்குக்கு வந்தது உண்மையே. ஆனால் மருந்து உண்டவர்களில் ஒன்பது பேர் இறந்தனர்; போலி மாத்திரை உண்டவர்களில் ஒருவர்தான் இறந்தார். ஆராய்ச்சியாளர்கள் இதைத் தற்செயல் என்று நினைத்தார்கள். வியாபாரக் காரணங்களால் அந்த மருந்தும் கைவிடப்பட்டது. குறிப்புகள் பெட்டிக்குள் போயின.

இதற்கிடையே அதே வகையைச் சேர்ந்த வேறு மருந்துகள் கடைக்கு வந்தன. அமெரிக்காவில் ஏராளமான இதய நோயாளிகள் அவற்றை உண்டார்கள். 1989இல் ஒரு பெரிய சோதனை பாதியில் நிறுத்தப்பட்ட பிறகுதான், அவற்றில் இரண்டு மருந்துகள் காப்பாற்றுவதற்குப் பதிலாகக் கொல்கின்றன என்பது உலகுக்குத் தெரிந்தது. பழைய லோர்கைனைடு முடிவு அச்சில் வந்தது 1993இல். அன்றே வெளியிட்டிருந்தால் ஓர் எச்சரிக்கையாக இருந்திருக்கக் கூடும் என்று அதைச் செய்தவர்களே ஒப்புக் கொண்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். தோல்வியை யார் படிப்பார்கள் என்று நம்மைப் போலவே நினைத்தவர்கள்.

இந்த நோய்க்குத்தான் இன்று பதிவேடு என்னும் மருந்து. நம் நாட்டில் மருத்துவச் சோதனைப் பதிவேடு 2007இல் தொடங்கியது. 2009 ஜூன் 15 முதல் புது மருந்துச் சோதனைகளை அதில் பதிவது கட்டாயமாயிற்று. முதல் நோயாளி சேருமுன்னே பதிந்து விட்டால், முடிவு பிடிக்கவில்லை என்று சோதனையே நடக்காதது போல் இருந்துவிட முடியாதல்லவா?

பகிர்ந்ததால் விளைந்த நன்மைக்கும் கதை உண்டு. 1971இல் அமெரிக்காவின் புரூக்ஹேவனில், புரதங்களின் வடிவங்களைச் சேர்த்து வைக்க ஒரு களஞ்சியம் திறந்தார்கள். முதலில் இருந்தவை ஏழே வடிவங்கள். முதலில் பலர் தயங்கினார்கள். பின்னர் விஞ்ஞான சஞ்சிகைகள், களஞ்சியத்தில் வைக்காவிட்டால் கட்டுரையைப் போட மாட்டோம் என்றன. 2023இல் எண்ணிக்கை இரண்டு லட்சத்தைத் தாண்டியது. அந்தக் குவியலைப் படித்துப் பழகிய கம்ப்யூட்டர்தான் புதிய புரதங்களின் வடிவத்தை ஊகிக்கக் கற்றது. 2024இல் இரசாயன நோபல் பரிசின் ஒரு பாதி அதற்குக் கிடைத்தது. நமக்குப் பெருமையான செய்தி ஒன்றும் உண்டு. அங்கே வந்து சேரும் வடிவம் சரியானதா என்று பார்க்கும் சோதனைகளில் ஒன்று, 1963இல் சென்னைச் சர்வகலாசாலையில் ஜி. என். இராமச்சந்திரனும் அவருடைய தோழர்களும் வரைந்த படம்.

பகிர்வது என்றால் அள்ளிக் கொட்டுவதன்று. வலி நிவாரணியான பாரசிட்டமாலை அமெரிக்கர் அசிட்டமினோஃபென் என்பார்கள். 103-90-2 என்ற பதிவு எண்ணைச் சேர்த்து எழுதினால் இரண்டும் ஒன்று என்பதில் குழப்பமில்லை. கம்ப்யூட்டரையும் அப்படியே நம்பலாகாது. 'செப்ட்-2' என்று ஒரு மரபணு இருந்தது. எக்ஸெல் அட்டவணையில் அதை இட்டதும் செப்டம்பர் 2 என்று தேதியாகிவிடும். பல கட்டுரைகளில் இந்தப் பிழை அப்படியே அச்சேறிய பின், 2020இல் மரபணுக்களின் பெயர்களையே மாற்றி வைத்தார்கள்! கணக்குப்பிள்ளையைத் திருத்த முடியாமல் முதலாளி தன் பெயரை மாற்றிக் கொண்ட கதைதான்.

ஆனால் நோயாளியின் விவரம் படிகத்தின் விவரம் அன்று. 1990களில் மாசசூசெட்ஸ் மாநில ஊழியர்களின் மருத்துவ விவரங்களைப் பெயர் நீக்கி ஆராய்ச்சிக்குக் கொடுத்தார்கள். லதான்யா ஸ்வீனி என்ற மாணவி, இருபது டாலருக்கு வாக்காளர் பட்டியலை வாங்கி, பிறந்த தேதி, பால், தபால் எண் மூன்றையும் ஒப்பிட்டு, மாநில கவர்னரின் மருத்துவக் குறிப்பையே எடுத்துக் காட்டினார். நம் சங்கத்தில் "தென்காசிக்காரி, பௌதிகம், இருபத்திரண்டு வயது" என்றால் பெயர் வேறு வேண்டுமா? ஆகவே இத்தகைய விவரங்களைத் தெருவில் வைக்காமல், காரணம் கேட்டு, நிபந்தனை விதித்து, தகுந்தவர்களுக்குக் கொடுப்பதே முறை. 2023இல் நம் நாட்டிலும் தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது.

இரசாயனக்காரனுக்கு இந்தச் சாக்கு இல்லை. "வேறு யாராவது முந்திக் கொண்டால்?" என்று சில ஆசிரியர்கள் அஞ்சுகிறார்கள், அந்த அச்சம் நியாயந்தான். கட்டுரை வரும் வரை பூட்டி வைக்கட்டும். வராமற்போன வினையை யார் திருடப் போகிறார்கள்?

அந்த இருபத்து மூன்று குப்பிகளையும் என்.எம்.ஆர். கருவியில் வைத்துப் பார்த்தேன். பத்தொன்பது இன்னவென்று தெரிந்தன. தேதி, கரைப்பான், வெப்பநிலை, கருவி தந்த மூலக் கோப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் கூடத்தின் பொதுக் கணக்கில் ஏற்றினேன். நான்கு கடைசி வரை பிடிபடவில்லை; கழிவில் சேர்ந்தன. என் நோட்டின் முதல் பக்கத்தில் "சேமிப்பு அறைக் கரைப்பானை நம்பாதே" என்று ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதியிருக்கிறேன். தமிழில் எழுதத்தான் ஆசை. அடுத்து வருகிறவர் எந்த ஊர்க்காரரோ!