மேற்போர்வையும் கைக்கோலும்

ஆடை என்பது இடையில் உடுத்துவதோடு முடிந்துவிடுவதன்று. நம் தென்காசி வட்டாரத்தில் பெரியவர் ஒருவர் கோயிலுக்கோ திருமண வீட்டிற்கோ புறப்பட்டால், வேட்டிக்குத் துணையாகத் தோளில் துண்டு இருக்கும். வயது முதிர்ந்தவராயின் கையில் தடியும் இருக்கும். இவ்விரண்டும் சேர்ந்தால்தான் உடை நிறைவு பெறும் என்பது முன்னோர் கொள்கை. இதே கொள்கையுடைய மலைநாட்டு மக்கள் இரு சாராரைப் பற்றி அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம். ஒரு சாரார் நம் நீலகிரித் தோடர்கள். மற்றவர் ஸ்காட்லாந்தின் மலைப்பகுதி மக்கள். அவர்களுடைய போர்வையிலிருந்து நம் சங்கங்கள் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு.

தோடர்கள் எருமை வளர்ப்போர். குளிரும் மூடுபனியும் நிறைந்த புல்வெளியில் கோலேந்தி மந்தை மேய்த்தவர்கள். அவர்களுடைய மரபுப் போர்வைக்குப் பூத்துக்குளி என்று பெயர். ஆண், பெண் இருபாலாரும் அதனைத் தோளைச் சுற்றிப் போர்த்துவர். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமான பட்டைகள் அமைந்திருக்கும். அவற்றையொட்டி அதே இரு நிற நூல்களால் பெண்கள் பூத்தையல் இடுகிறார்கள். மாதிரி வரைவதில்லை, சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டுவதுமில்லை. இழைகளை ஒவ்வொன்றாக எண்ணியே ஊசியைச் செலுத்துகிறார்கள். முடிந்த வேலையைக் காண்போர், இது தறியில் விழுந்த பூவோ, ஊசியில் விழுந்த பூவோ என்று மயங்குவர். விழா நாட்களில் தோளை அணி செய்யும் இப்போர்வையே, வாழ்வு முடிந்தபின் உடலைப் போர்த்தவும் பயன்படுகிறது.

நெசவாளர் பெருமக்கள் இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். தோடர்கள் துணி நெய்வதில்லை. அவர்கள் தைக்கும் துணி சமவெளித் தறிகளில் பிறந்து மலையேறுகிறது. இழை எண்ணித் தைப்பவருக்குப் பாவும் ஊடையும் ஒத்த பருமனில் அமைந்திருப்பது இன்றியமையாதது. ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் நெகிழ்ந்தும் நெய்தால், பூவின் வடிவம் கோணிவிடும். ஆகவே மலையில் தைப்பவரின் புகழில் சமவெளியில் நெய்தவருக்கும் பங்குண்டு. அப்புகழைக் காக்கும் பொறுப்பிலும் பங்குண்டு. தோடர் பூத்தையல் 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. ஆயினும் இயந்திரத்தில் தைத்த போலிகள் அதே பெயரில் சந்தைக்கு வருகின்றன என்ற முறையீடு ஓயவில்லை. குறியீடு பெறுவது ஒன்று. அதனைக் காப்பது வேறொன்று.

காக்கும் வழியைக் கண்டவர்கள் ஸ்காட்லாந்தினர். அவர்களுடைய மரபு உடை ‘கில்ட்’ எனப்படும் கட்டம் போட்ட கம்பளி உடை. நம் கட்டம் போட்ட கைலியைக் கண்டு பழகியவர்களுக்கு அது முற்றிலும் புதுமையாகத் தோன்றாது. முழங்கால் வரையில் பின்புறம் மடிப்பு மடிப்பாக அமைந்திருக்கும். 1746-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பாராளுமன்றம் இவ்வுடையைத் தடை செய்தது. படைவீரர் அல்லாத ஆண்கள் உடுத்தினால் ஆறு மாதம் சிறை. 1782-இல்தான் அத்தடை நீங்கியது. தடை செய்யப்பட்ட உடை பின்னர் அந்நாட்டின் பெருமைச் சின்னமே ஆயிற்று.

இவ்வுடைக்கு மேல் மழைக்காகவும் குளிருக்காகவும் அணிவது, இன்வெர்னஸ் என்னும் ஊரின் பெயரால் வழங்கும் மேற்போர்வை. அதற்குக் கைகள் இல்லை; தோளிலிருந்து தொங்கும். குழலிசைப்போர் மழையிலும் தடையின்றி வாசிப்பதற்கு அது ஏற்றதாகும். கையில் பிடிப்பது ‘குரோமக்’ என்னும் வளைந்த தலையுடைய கோல். ஆட்டிடையர் கோலே அது. ஹேசல் என்னும் மரத்தின் கிளையை, மரத்தில் நீரோட்டம் குறைந்த குளிர்காலத்தில் வெட்டி, ஓராண்டுக்கு மேல் உலரவிடுவர். ஆட்டுக்கடாவின் கொம்பைச் சூடேற்றி இளக்கி, வளைத்து, அராவித் தேய்த்துத் தலைப்பிடியாகப் பொருத்துவர். மந்தை வளர்ப்பவன் கம்பளியும் கொம்பும் தருகிறான். மரம் வளர்ப்பவன் கோல் தருகிறான். நெசவாளன் துணி தருகிறான். ஒரு மனிதனின் உடையில் இத்தனை பேருடைய வாழ்வு அடங்கியிருக்கிறது.

மேற்போர்வைக்கு ஏற்ற கம்பளித் துணிகளில் பேர்பெற்றது ஹாரிஸ் டுவீட். ஸ்காட்லாந்தின் மேற்கே உள்ள ஹெப்ரிடீஸ் வெளித்தீவுகளில் அது நெய்யப்படுகிறது. அதன் பெயர் பரவியதும் போலிகளும் பெருகின. உடனே 1909-இல் அதற்கென ஒரு சங்கம் அமைந்தது. உருண்டையின் மேல் சிலுவை பொறித்த முத்திரையைப் பதிவு செய்து, 1911 முதல் துணியில் குத்தத் தொடங்கினர். 1993-இல் பாராளுமன்றமே தனிச் சட்டம் இயற்றியது. அதன்படி, நூல் அத்தீவுகளில் சாயமேற்றி நூற்கப்பட்ட தூய கம்பளியாயிருக்க வேண்டும். தீவினர் தம் வீட்டிலேயே கையால் நெய்திருக்க வேண்டும். துணியைப் பதப்படுத்துவதும் அங்கேயே நடைபெற வேண்டும். மின்சாரமின்றிக் காலால் மிதித்தே தறி ஓடுகிறது. ஆய்வாளர் பார்த்து முத்திரை இட்ட பின்னரே அப்பெயருடன் துணி விற்பனைக்குச் செல்கிறது. ஆய்வாளர் பணியில் இருக்கும் எமக்கு இது மிகுந்த மகிழ்ச்சி தரும் செய்தி. அங்கே சோதனை என்பது நெசவாளர்மீது கொண்ட ஐயமன்று. அவர் உழைப்புக்குக் கட்டிய வேலி.

இனி நம் ஊருக்கு வருவோம். ஆனி, ஆடி மாதங்களில் சாரல் தொடங்கியதும் குற்றாலத்திற்கு மக்கள் திரள்கின்றனர். அருவியில் நீராடும் ஒவ்வொருவருக்கும் துண்டு வேண்டும். கடைகளில் குவிந்திருப்பவற்றுள் கைத்தறி எது, விசைத்தறி எது என்று வாங்குபவர் அறிவதில்லை. ஒரு விற்பனை நிலையத்தில் விசைத்தறித் துண்டையே கைத்தறி என்று சொல்லி விற்றதை நாம் நேரில் கண்டோம். ‘மலிவாகக் கொடுத்தால்தான் போகிறது, ஐயா’ என்றார் விற்பவர். மலிவு அவருக்கு அன்றைய விற்பனையைத் தந்தது. ஆனால் நெசவாளர் ஒருவரின் கூலியை அது கொண்டுபோயிற்று.

சட்டத் துணை நமக்கும் இல்லாமலில்லை. 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின் கீழ்ச் சேலை, வேட்டி, லுங்கி, துண்டு முதலியவற்றில் குறிப்பிட்ட வகைகள் கைத்தறிக்கே உரியவை. 2006 முதல் கைத்தறி முத்திரை வழங்கப்பட்டு வருகிறது. நம் அண்டை ஊராகிய வீரவநல்லூரின் செடிபுட்டாச் சேலை 2023-இல் புவிசார் குறியீடும் பெற்றது. கருவிகள் கையில் இருக்கின்றன. எடுத்துப் பயன்படுத்தும் ஊக்கமே வேண்டும்.

ஆகவே சங்கங்களுக்கு மூன்று செயல்களை முன்வைக்கிறோம். முதலாவது, தறியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு துண்டிலும் முத்திரைச் சீட்டும், சங்கத்தின் பெயரும், நெய்த ஊரின் பெயரும் இருத்தல் வேண்டும். இரண்டாவது, சங்க நிலையத்தில் பிறதறிச் சரக்கைக் கலந்து விற்பதில்லை என்று பொதுப்பேரவை தீர்மானம் நிறைவேற்றி, அதனைப் பலகையில் எழுதி வைத்தல் வேண்டும். மூன்றாவது, சாரல் காலத்தில் நெசவாளரும் விளைவிப்போரும் குற்றாலத்தில் ஒரே நிலையம் அமைத்தல் வேண்டும். துண்டும், போர்வையும், உள்ளூர்த் தச்சர் கடைந்த கைத்தடியும், தோட்டத்து விளைபொருளும் அங்கே ஒருங்கே கிடைக்கட்டும்.

தீவினர் முதல் முத்திரை குத்தியபோது அவர்களுக்கெனத் தனிச் சட்டம் துணை வரவில்லை. அது வந்து சேர எண்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அதுவரை காத்தவை பதிவு செய்த முத்திரையும் அங்கத்தினரின் ஒற்றுமையுமே. அடுத்த பொதுப்பேரவையில் இதனை விவாதத்திற்கு எடுத்துக்கொள்ளுமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.