சாப்பாட்டு மேசையில் ஒரு கல்லூரி

ரெங்கம் என்றதும் பலர் நெடுஞ்சாலைப் பக்கத்துச் சிம்பாங் ரெங்கத்தை நினைத்துக் கொள்கிறார்கள். நாம் சொல்வது அதுவல்ல. குளுவாங்கிற்குத் தெற்கே, இரயில் நிலையத்தை ஒட்டி இருக்கிறதே, அந்தச் சின்ன ரெங்கம்! சுற்றிலும் தோட்டங்கள். இங்கிருந்து கல்லூரிக்குப் போக வேண்டுமென்றால் பிள்ளை வீட்டை விட்டே போக வேண்டும் என்றுதான் நம் பெற்றோர்கள் எண்ணி வந்தார்கள்.

இன்றோ பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை கைத்தொலைபேசியைத் திறந்தால் போதும், பெரிய பேராசிரியரே பாடம் நடத்துகிறார். “அப்படியானால் பிள்ளை வீட்டிலிருந்தே படிக்கட்டுமே! பள்ளிக்கூடம் எதற்கு?” என்று கேட்கும் தாய்மார்கள் தோட்டத்திலும் இருக்கிறார்கள், பட்டணத்திலும் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பதில் இரண்டு பகுதியாக இருக்கிறது. அறிவுக்குக் கதவு திறந்திருக்கிறது. பட்டத்துக்கு அந்தக் கதவு வேறு.

முதலில் சட்டத்தைப் பார்த்து விடுவோம். 2003 முதல் நம் நாட்டில் ஆறாண்டுத் தொடக்கக் கல்வி கட்டாயம். பிள்ளையைச் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. வீட்டில் வைத்துக் கற்பிக்க அமைச்சரின் விலக்கு வேண்டும். 2025இல் இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் திருத்தத்தை மக்களவை நிறைவேற்றியது. ஆகவே பிள்ளையை நிறுத்துமுன் மாவட்டக் கல்வி இலாகாவில் நேரில் கேட்டு விடுங்கள். பக்கத்து வீட்டார் சொன்னார் என்று நடக்காதீர்கள்.

வீட்டிலிருந்து கல்லூரிப் படிப்பு என்பது புதுமையும் அல்ல. இலண்டன் பல்கலைக்கழகம் 1858இலேயே வெளியூர் மாணவர்களுக்குத் தேர்வு எழுத வழி திறந்தது. நம் நாட்டில் பினாங்கின் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971இல் தொலைக்கல்வியைத் தொடங்கியது. வேலை பார்த்துக் கொண்டே படித்தவர்களுக்கு அது பெரிய வரம். அன்று பாடம் தபாலில் வந்தது. இன்று இணையத்தில் வருகிறது. அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்தால் அதுவும் தவறு. அன்று சேர்ந்தவர்கள் பெரும்பாலும் வளர்ந்தவர்கள். இன்று பதினாறு வயதுப் பிள்ளையும் உள்ளே எட்டிப் பார்க்கிறது.

தமிழ்நாட்டிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். இந்தியாவின் ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய ‘என்.பி.டி.இ.எல்.’ திட்டத்தில் பொறியியலும் கணிதமும் இலவசமாகக் கிடைக்கின்றன. பார்க்க, கேட்கக் காசு இல்லை. தேர்வு எழுதிச் சான்றிதழ் பெறத்தான் கட்டணம். அடுத்து, சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டப் படிப்பு. இதில் சேருவதற்கு அவர்கள் வைத்திருக்கும் முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. நான்கு வாரம் பாடத்தை நடத்துகிறார்கள். கணிதம், புள்ளியியல், கணினிச் சிந்தனை, ஆங்கிலம் என நான்கு பாடம். வாராவாரம் பயிற்சி எழுதி அனுப்ப வேண்டும். அதில் தேறியவர் நேரில் மையத்துக்குப் போய்த் தேர்வு எழுத வேண்டும். அதாவது பிள்ளைக்கு முதலில் பாடத்தைக் கொடுத்து, ‘உன்னால் முடியுமா பார்’ என்று கேட்கிறார்கள்! பதினோராம் வகுப்புத் தேர்வு எழுதியவரும் இந்தத் தகுதித் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். இங்கிருந்து சேர நினைப்பவர்கள் தேர்வு மையம் எங்கே, நம் சான்றிதழை ஏற்பார்களா என்பதை முதலில் எழுதிக் கேட்டுக் கொள்ளுங்கள்.

இப்போது அடைபட்ட கதவுக்கு வருவோம். ஒரு பையன் மூன்று வருடம் வீட்டில் உட்கார்ந்து பத்து இணையப் பாடங்களை முடித்து விட்டான் என்று வையுங்கள். சுவர் நிறையச் சான்றிதழ். எஸ்.பி.எம். மட்டும் எழுதவில்லை. பதினெட்டு வயதில் உள்ளூர்க் கல்லூரிக்குப் போனால் என்ன கேட்பார்கள்? டிப்ளோமாவுக்குப் பொதுவாக எஸ்.பி.எம்.மில் மூன்று கிரெடிட், அடித்தளப் படிப்புக்கு ஐந்து. அந்தப் பத்துச் சான்றிதழும் அங்கே வாய் திறக்காது.

அனுபவத்தை வைத்துச் சேர்க்கும் ‘ஏப்பல்’ முறை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் டிப்ளோமாவுக்கு 20 வயது, பட்டத்துக்கு 21 வயது ஆக வேண்டும், வேலை அனுபவமும் வேண்டும். பதினாறு வயதுப் பிள்ளைக்கு அது வழியல்ல.

ஆகவே வீட்டில் படிக்கும் பிள்ளை எஸ்.பி.எம். தேர்வைத் தனியாகப் பதிந்து எழுதுவதே பாதுகாப்பு. 2013 முதல் மலாய் மொழியும் வரலாறும் தேறினால்தான் சான்றிதழே கிடைக்கும். கணிதத்தில் புலியாக இருக்கும் பிள்ளைகள்தாம் இந்த இரண்டையும் கடைசியில் தள்ளி வைக்கிறார்கள்! வெளிநாட்டு ஐ.ஜி.சி.எஸ்.இ. எழுதுகிறவர்களும் எஸ்.பி.எம். மலாய் மொழித் தாளை எழுதி வைப்பது நல்லது. அரசாங்க உத்தியோகத்துக்குப் போனால் அதைக் கேட்பார்கள். தமிழையும் ஒரு பாடமாக எடுக்கலாம், மறந்து விடாதீர்கள்.

வீட்டு நிலையையும் சொல்லத்தான் வேண்டும். ஒரே கைத்தொலைபேசி, மூன்று பிள்ளைகள், சாயங்காலம் அப்பா வந்ததும் அது அவர் கைக்குப் போய்விடும் என்றால் வாராந்திரப் பயிற்சி எப்படி நடக்கும்? 2020இல் சபாவின் பித்தாஸ் வட்டாரத்தில் ஒரு மாணவி இணையத் தேர்வு எழுத மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்ததை நாடே பார்த்தது. பாடம் இலவசம் என்றாலும் ‘டேட்டா’ இலவசமல்ல. தினமும் இரண்டு மணி நேரம் அந்தப் பிள்ளைக்கே என்று தொலைபேசியை ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் கடைக்குப் போய் வா என்று அனுப்பாதீர்கள், அம்மா!

பணம் கட்டச் சொல்லி யாராவது வந்தால், படிப்பின் பெயரை எழுதி வாங்கி, மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனமான எம்.கியூ.ஏ.வின் பதிவேட்டில் அது இருக்கிறதா என்று பாருங்கள். பதிவேடு இணையத்தில் எல்லாருக்கும் திறந்திருக்கிறது; பார்க்கக் காசு வேண்டாம். ‘விரைவில் அங்கீகாரம் வந்து விடும்’ என்று சொன்னால், வந்த பிறகு வருகிறோம் என்று சொல்லி அனுப்பி விடுங்கள்.