எடை இறங்கியது, தோல் இறங்கவில்லை

தையல்காரிக்கு உடம்பு என்பது இன்ச் கணக்கு. கிலோ கணக்கு டாக்டருக்கு. திண்டுக்கல்லில் வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு இருபது வருஷத்துக்கு மேலாக ஜாக்கெட் தைக்கிறேன். தெருவில் பாதிப் பேருடைய மார்பு, இடுப்பு, கைச் சுற்றளவு என் அளவு நோட்டில் இருக்கிறது. சர்க்கரை வந்து, 104 கிலோவில் இருந்த என்னை டாக்டர் கண்டித்த பிறகுதான் அதில் எனக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினேன். ஏறக்குறைய இரண்டு வருஷத்தில் 70 கிலோவுக்கு வந்தேன். எப்படி என்று கேட்பவர்களுக்குச் சொல்லப் புதிதாக ஒன்றுமில்லை. சோறு பாதி, காய் இரண்டு மடங்கு, விடியற்காலை நடை. மாத்திரையை டாக்டர் பார்த்துப் பார்த்துக் குறைத்தார். (சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வந்துவிடும்.) தோல் என்ன ஆனது என்றுதான் யாரும் கேட்பதில்லை.

முதல் நல்ல சேதி அங்கிருந்துதான் வந்தது. என் பின்கழுத்தும் அக்குளும் தடித்துக் கருத்துக் கிடந்தன. எலுமிச்சம்பழம், பயத்தம்மாவு, பீர்க்கங்காய் நார் எல்லாம் போட்டுத் தேய்த்தாயிற்று. அது அழுக்கே இல்லையாம். இன்சுலின் சரியாக வேலை செய்யாமல், உடம்பு அதை மேலும் மேலும் சுரக்கும்போது தோல் இப்படித் தடிக்குமாம். எடை இறங்க இறங்கத் தேய்க்காமலே வெளுத்தது. பிள்ளைகளின் கழுத்தைத் தேய்த்துப் புண்ணாக்கும் அம்மாக்கள் நாரைக் கீழே வைத்துவிட்டு ஒரு முறை டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்புறம் வந்தது தொங்கல். மேல்கை 17 இன்ச்சிலிருந்து 13-க்கு வந்துவிட்டது. ஆனால் கையைத் தூக்கினால் உள்ளே சதை இல்லாத தோல் ஆடியது. அடிவயிறு மடிந்து தொங்கியது. கன்னம் ஒட்டி, முகத்தில் பத்து வயசு ஏறியது. நம் ஊரில் இளைத்தவளுக்குப் பாராட்டா கிடைக்கும்? “என்னக்கா, உடம்புக்கு முடியலையா?” என்பதுதான் முதல் கேள்வி. சொந்தத்தில் ஒரு பெரியம்மா கல்யாண வீட்டில் எல்லார் முன்னாலும், “எவ்வளவு லட்சணமா இருந்த, இப்படி வத்திப் போயிட்டியேடி” என்று கண் கலங்கினார். எடை குறைப்பவர்கள் பாதியில் விடுவதற்குப் பசியைவிட இந்தப் பேச்சுதான் பெரிய காரணம் என்பது என் அபிப்பிராயம்.

தோல் ஏன் கூடவே சுருங்கி வரவில்லை என்று தோல் டாக்டர் விளக்கினார். தோலின் நடு அடுக்கில் கொலாஜன், எலாஸ்டின் என்று இரண்டு வகை நார்கள். கொலாஜன் உறுதிக்கு, எலாஸ்டின், இழுத்தால் பழைய இடத்துக்குத் திரும்புவதற்கு. வருஷக்கணக்காக இழுபட்டே கிடந்தால் இரண்டும் நைந்துபோகின்றன. தொடையிலும் வயிற்றிலும் சிவப்பாகத் தோன்றிப் பிறகு வெள்ளையாகும் கோடுகள் அப்படி விழுந்த தழும்புகள்தான். வளர்ந்த உடம்பு எலாஸ்டினைப் புதிதாகச் செய்வது மிகக் குறைவு. பாவாடையில் தளர்ந்த எலாஸ்டிக்கை உருவிவிட்டு நான் வேறு கோத்துவிடுவேன். தோலுக்கு அந்த வசதி இல்லை. வயசு, எத்தனை வருஷம் பருமனாக இருந்தோம், எவ்வளவு குறைத்தோம், பரம்பரை, வெயில், சிகரெட் இவற்றைப் பொறுத்துத் தொங்கல் கூடும், குறையும். வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை என்று நிதானமாகக் குறைக்கச் சொல்கிறார்கள். அப்படியே குறைத்தாலும் தோல் முழுதும் ஒட்டிவிடும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. எடை நின்ற பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக இறுகுகிறது, அவ்வளவுதான்.

நம் கையில் இருப்பது சதையைக் காப்பது. பட்டினி கிடந்தால் கொழுப்போடு சதையும் கரைந்து தோல் இன்னும் வெறுமையாகத் தொங்கும். நாலு இட்லியில் புரதம் எட்டு கிராம் போலத்தான் இருக்கும். இரண்டு முட்டை சேர்த்தால் இன்னொரு பன்னிரண்டு. எனக்கு நாளைக்கு 70 கிராம் வேண்டும் என்றார்கள். முட்டை, சுண்டல், மத்தி மீன், தயிர் என்று கூட்டிச் சேர்க்கிறேன். சுவரில் கை ஊன்றித் தண்டால் எடுக்கிறேன். மிஷினிலிருந்து எழும்போதெல்லாம் கையை ஊன்றாமல் எழுகிறேன். கொலாஜன் க்ரீம் வாங்கப் போகிறவர்கள் அந்தக் காசில் முட்டை வாங்கலாம். கொலாஜன் மூலக்கூறு மிகப் பெரியது, மேலே தடவினால் நடு அடுக்குவரை இறங்காது. தேங்காயெண்ணெய் வறட்சிக்கும் அரிப்புக்கும் நல்லது, இறுக்க உதவாது.

அந்த எண்ணெயையும் மடிப்புக்குள் தடவக் கூடாது. சித்திரை வெயிலில் அடிவயிற்று மடிப்பிலும் மார்புக்குக் கீழும் வேர்வை தேங்கி, தோலோடு தோல் உரசி, சிவந்து எரியும். அதில் பூஞ்சை சேர்ந்தால் நாற்றமும் வரும். சர்க்கரைக்காரர்களுக்கு இன்னும் சீக்கிரம் வரும். குளித்ததும் மடிப்பைத் தூக்கி ஒற்றித் துடைத்து, ஃபேன் காற்றில் காயவிட்டு, மெல்லிய பருத்தித் துணியை இடையில் வைக்கிறேன். அலுப்பான வேலை, ஆனால் இதைத் தாண்டி ஒரு ரகசியமும் கிடையாது. சிவப்பு போகாவிட்டால் தோல் டாக்டரைப் பாருங்கள். மெடிக்கலில் தாமாகக் கேட்டு வாங்கும் டியூபில் பலசமயம் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. இரண்டு நாளில் அரிப்பு அடங்கும்; பிறகு பூஞ்சை பரவும், தோலும் மெலியும்.

எடை மெஷின் மாதக்கணக்காக அசையாத காலம் எல்லோருக்கும் வரும். 70 கிலோ உடம்புக்கு 104 கிலோ உடம்பின் செலவு இல்லை. போதாததற்கு உடம்பு சிக்கனமும் பிடிக்கிறது. நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1995-இல் இதை அளந்து காட்டியதை மகள் படித்துச் சொன்னாள்: எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தவர்களின் உடம்பு, அந்தப் புது எடைக்கு எதிர்பார்ப்பதைவிடவும் குறைவாகவே சக்தியைச் செலவழித்ததாம். சோம்பேறித்தனம் இல்லை என்று தெரிந்ததே எனக்குப் பாதி தெம்பு. மீதித் தெம்பு டேப்பில் கிடைத்தது. கிலோ நகராத மாதத்திலும் இடுப்பு அரை இன்ச் குறைந்திருக்கும். மூன்று மாதச் சராசரி சர்க்கரை 9-இல் தொடங்கி 6.5-க்கு வந்ததும் அதே பக்கத்தில்தான் குறித்திருக்கிறது.

ஆபரேஷன் உண்டு. கொழுப்பை உறிஞ்சும் லைப்போசக்‌ஷனால் தோல் போகாது; மிச்சத் தோலை வெட்டித்தான் எடுக்க வேண்டும். வயிற்றில் என்றால் ஓர் இடுப்பிலிருந்து மறு இடுப்புவரை தழும்பு. கையில் என்றால் அக்குளிலிருந்து முழங்கைவரை. எடை ஆறு மாதமாவது ஒரே இடத்தில் நிற்க வேண்டும், சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், புகைப்பவர்கள் நிறுத்த வேண்டும். அழகுக்காக என்றால் காப்பீடு பொதுவாகத் தராது. மடிப்பில் புண் ஆறாமல் திரும்பத் திரும்ப வருகிறவர்கள் அதை டாக்டரிடம் அழுத்திச் சொல்ல வேண்டும். அது அழகுப் பிரச்சினை இல்லை. நான் செய்துகொள்ளவில்லை. கூச்சத்தால் அல்ல, தழும்பையும் தோலையும் எடை போட்டுப் பார்த்ததில் எனக்குத் தோலே பரவாயில்லை என்று பட்டது.

இப்போது நிறைய இளைத்தவர்கள் என்னைத் தேடி வருகிறார்கள். அவர்களுக்குக் கையை முழங்கைவரை இறக்குகிறேன். குட்டைக் கையை இறுக்கிப் பிடித்தால் தோல் மேலே பிதுங்கும், தளர விட்டால் கீழே தெரியும். கை ஓரத்தில் பைப்பிங் வைப்பதில்லை, உரசும். லைனிங் பருத்தி மட்டும். பாலியெஸ்டர் வேர்வையைக் குடிக்காது. “எடை நிக்கிறவரைக்கும் உள்தையல்ல துணி விட்டு வைக்கிறேன், புதுசா ஆறேழு தைச்சுக்காதீங்க” என்று சொல்லிவிடுகிறேன். வியாபாரத்துக்கு நஷ்டம்தான். கூலி மட்டும் முப்பது ரூபாய் கூட.