சாலையிலும் பஞ்சமனா?

கல்லணையிலே நின்று கிழக்கே நோக்குகிறோம். காவிரி ஓடுகிறது, அதை ஒட்டியே சாலையும் ஓடுகிறது. திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, குடந்தை, மயிலாடுதுறை என்று ஊர்களைத் தொட்டுத் தொட்டு, பூம்புகாரிலே கடலைக் காண்கிறது கல்லணை–பூம்புகார் சாலை. ஆறு கிளை பிரிந்து வயலுக்கு நீர் தருகிறது. சாலை கிளை பிரிந்து ஊருக்கு உயிர் தருகிறது.

அந்தக் கிளைச் சாலைக்கு அரசு ஏட்டிலே என்ன பெயர் தெரியுமா, தோழர்களே? "மாவட்ட இதரச் சாலை!" வெண்ணாற்றுக் கரையிலும் குடமுருட்டிக் கரையிலும் சிற்றூர்களைக் கோத்து, நெல் மூட்டையையும் நோயாளியையும் பள்ளிப் பிள்ளையையும் சுமந்து செல்லும் சாலை, ஏட்டிலே வெறும் "இதரம்"!

1943-ஆம் ஆண்டு நாகபுரியிலே கூடினர் தலைமைப் பொறியாளர்கள். இந்தியாவின் சாலைகளை வகை பிரித்தனர். தேசிய நெடுஞ்சாலை ஒன்று. மாகாண நெடுஞ்சாலை இரண்டு. மாவட்டச் சாலையிலே முக்கியமானது மூன்று, மற்றது நான்கு. கடைசியிலே ஊர்ச்சாலை. எண்ணிப் பாருங்கள், ஐந்து! ஐந்தாமவனுக்கு இந்த நாட்டிலே வைத்திருந்த பெயர் என்ன? பஞ்சமன்! அந்த இழிசொல்லை எம்.சி. ராஜா போராடி, 1922-இலே அரசு ஏட்டிலிருந்து விரட்டினார். மனிதனை விட்டு அகன்ற அந்த நிலை, அவன் நடக்கும் சாலையிலே போய் ஒட்டிக்கொண்டதோ என்று ஐயுறுகிறோம்.

பொறியாளர் மீது நமக்குப் பகை இல்லை. அகலம் அறிய, பணம் ஒதுக்க, வகை வேண்டும்தான். ஆனால் பணம் முதலாம் சாலையிலே புறப்பட்டு, ஐந்தாம் சாலைக்கு வருவதற்குள் வற்றிவிடுகிறதே, அதைத்தான் கேட்கிறோம்.

சாலையிலே நடப்பது எளிதாகக் கிடைத்த உரிமையா? 1924-இலே வைக்கத்திலே, கோயிலைச் சுற்றியுள்ள தெருவிலே மனிதன் நடக்க வேண்டும் என்பதற்காகப் பெரியார் சிறை புகுந்தார். அதே 1924-இலே சென்னைச் சட்டசபையிலே இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தார்: பொதுச் சாலையிலே, பொதுத் தெருவிலே எவ்வகுப்பாரும் நடக்கலாம், தடையில்லை என்று! தீர்மானம் நிறைவேறிற்று. அதே ஆண்டிலேதான் காவிரியிலே பெருவெள்ளம் வந்து கரைகளை உடைத்தது. வெள்ளம் ஒரே நாளில் உடைத்தது கரையை. மனிதன் உடைக்க முயன்ற சுவரோ முழுவதும் விழவில்லை.

1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட கீழவெண்மணியிலே 44 உயிர்கள் குடிசையிலே வெந்தன. கீழ்நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழார்களை உயர்நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் செல்வர்கள் தாமே நடந்து சென்று தீ வைத்தார்கள் என்பதை நம்புவதற்கில்லை என்ற கருத்தும் அந்தத் தீர்ப்பிலே இடம்பெற்றது! நடப்பது ஏழையின் தலையெழுத்து. நடவாமை செல்வனுக்குச் சாட்சி!

காலம் மாறிற்று, மறுக்கவில்லை. 1972-இலே குடந்தையைத் தலைமையிடமாகக் கொண்டு சோழன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. 1997-இலே சிற்றூர்களுக்குச் சிற்றுந்து வந்தது. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்திலே பெண்கள் காசின்றிப் பயணம் செய்கிறார்கள். நாற்று நடும் நம் தாய்க்கு நல்ல செய்திதான். ஆனால் பேருந்து நுழைய முடியாத ஊரிலே இருப்பவள் எதில் ஏறுவாள்? இலவசம் அவளுக்கு இரண்டு கல் தொலைவிலே நிற்கிறது!

ஏன் வரவில்லை சாலை? ஆற்றங்கரைச் சாலையிலிருந்து சேரிக்குப் போகும் பாதை பல இடங்களிலே பாதையே அல்ல. யாரோ ஒருவரின் பட்டா நிலத்து வரப்பு! நிலத்துக்காரர் மனம் வைத்தால் வழி. முகம் சுளித்தால் வேலி. கணக்கிலே பாதையாக ஏறாத இடத்திற்கு அரசுப் பணம் வராது. வரப்பு தயவு; சாலை உரிமை. இதுதான் வேறுபாடு.

அதன் கொடுமை சாவிலே தெரிகிறது. சுடுகாட்டுக்குப் பாதையின்றி, நட்ட வயலிலே இறங்கி, வாய்க்காலின் இடுப்பளவு நீரிலே பாடையைச் சுமக்கும் காட்சி, மழைக்காலந்தோறும் செய்தியாகிறதே! உயிரோடிருந்தபோது அந்த வயலுக்கு நாற்று சுமந்த தோள், செத்தபின் அதே வயலைக் கடக்க வழியில்லாமல் தவிக்கிறது.

ஆகவே தோழர்களே, குடியரசு நாளன்றும், மே முதல் நாளன்றும், விடுதலை நாளன்றும், காந்தியார் பிறந்த நாளன்றும் கூடுகிறது கிராமசபை. போங்கள்! பொதுவாகச் "சாலை வேண்டும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பாதீர்கள். எந்தத் தெரு, எந்தச் சுடுகாடு, எந்த வாய்க்கால் என்று பெயர் சொல்லுங்கள். அந்தப் பாதை கணக்கிலே இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையேல், நிலம் எடுத்து ஏற்றச் சொல்லுங்கள். மதகு வைக்கச் சொல்லுங்கள். மதகில்லாச் சாலை மழைநீரைத் தேக்கி, சேரியையே குளமாக்கும்.

மேட்டூர் திறந்தால் தஞ்சைத் தரணியிலே நாம் கேட்கும் முதல் கேள்வி என்ன? "கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா?" அணையிலே எத்தனை அடி நீர் என்பது பெருமை, கடைமடை நனைந்ததா என்பதே கணக்கு. சாலைக்கும் அதே கேள்விதான்.

கடைமடைக்குச் சாலை வந்ததா?