ஸ்பினாச் ஒளிர்ந்தால் புற்றுநோயா?

‘ஒரு சொட்டு ரத்தம் போதும், ஒளிரும் ஆர்.என்.ஏ. புற்றுநோயைக் காட்டிக்கொடுத்துவிடும்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை அனுப்பி, ‘நிஜமா சார்?’ என்று கேட்கிறார் ஒரு வாசகர். ஒளிர்வது நிஜம். மற்றதற்குப் பிறகு வருகிறேன்.

வரலாறு சொல்லாமல் விடமாட்டீர்கள். ரத்தத்தில் இந்தச் சோதனை தேடுவது மைக்ரோ ஆர்.என்.ஏ.வை. அது சுமார் 22 எழுத்து நீளமுள்ள துணுக்கு. மரபணுக்களின் வேகத்தை மட்டுப்படுத்துவது அதன் வேலை. 1993இல் அதை ஒரு புழுவில் கண்ட விக்டர் ஆம்புரோஸுக்கும் கேரி ரவ்குனுக்கும் 2024இல் நோபல் கிடைத்தது. நியூயார்க்கில் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியின் சேமி ஜாஃப்ரி குழு, பல லட்சம் கோடி ஆர்.என்.ஏ.க்களைச் சலித்து, ‘ஸ்பினாச்’ என்ற ஒளிரும் ஆர்.என்.ஏ.வை 2011இல் அறிவித்தது. பிறகு ப்ராக்கோலி, மேங்கோ, கார்ன், பெப்பர் என்று காய்கறிச் சந்தையே வந்துவிட்டது. வரலாறு போதும்.

ஸ்பினாச் தனியாக ஒளிராது. ஜெல்லிமீனின் பச்சைப் புரதத்துக்குள் ஒளிரும் பகுதியைப் பார்த்துச் செய்த ஒரு சாயம் அதற்கு வேண்டும். அந்தச் சாயத்தில் இரண்டு வளையங்கள், நடுவே ஒரு பாலம். தண்ணீரில் தனியே மிதக்கும்போது நீல ஒளியை வாங்கும். உடனே பாலத்தில் முறுக்கிக்கொண்டு, வாங்கியதையெல்லாம் வெப்பமாகத் தொலைத்துவிடும்.

திருவிழாவில் பீப்பி வாங்கிக் கொடுத்த பிள்ளை மாதிரி. ஓடிக் குதித்தே மூச்சு தீர்ந்துவிடும், ஊத எங்கே மிச்சம்? அதையே ஸ்கூட்டரில் அப்பா முதுகுக்கும் அம்மா மடிக்கும் நடுவே இறுக்கி உட்கார வையுங்கள். அசைய வழியில்லை, ஊதித்தான் தீர்க்கவேண்டும். ஸ்பினாச்சில் அப்பா, நான்கு நான்காக அடுக்கிய குவானின் தட்டு. அம்மா, கைகோத்த மூன்று எழுத்துகள். நடுவில் சிக்கிய சாயம் பச்சையாய் ஊதுகிறது.

இதைச் சென்சார் ஆக்குவதுதான் குறும்பு. அம்மாவை ஸ்கூட்டரில் ஏறவிடாமல் பக்கத்து வீட்டுக்காரி கையைப் பிடித்து வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறாள். அந்தப் பக்கத்து வீட்டுக்காரி, மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்கு ஜோடியாக எழுதப்பட்ட இழை. ஊரிலிருந்து அவளுடைய சொந்தத் தங்கை, அதாவது மைக்ரோ ஆர்.என்.ஏ., வந்து இறங்கியதும் அம்மாவின் கையை விட்டுவிட்டுத் தங்கையைக் கட்டிக்கொள்கிறாள். அம்மா ஏறுகிறாள், பீப்பி ஒலிக்கிறது. (தங்கையின் சாயலில் வேறொருத்தி வந்தால்? லெட்-7 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. குடும்பத்தில் ஒரே எழுத்து வித்தியாசத்தில் அப்படிச் சிலர் உண்டு. உவமை இங்கே திணறுகிறது, சென்சாரும்தான்.)

இனி அந்த ஒரு சொட்டு. ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ. ஒரு சென்சாரைத்தான் திறக்கும். ரத்தத்தில் அவை மிகச் சொற்பம் என்பதால், ஏதாவது வழியில் பெருக்கினால்தான் வெளிச்சம் கண்ணில் படும். சென்சாரே ஆர்.என்.ஏ. ஆனதால், ரத்தத்தில் இருக்கும் நொதிகள் அதையும் கடித்துக் குதறும். மிர்-21 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. கூடினால், புற்றுநோய் நுரையீரலிலா, மார்பகத்திலா, பெருங்குடலிலா என்று அது சொல்லாது. வெறும் அழற்சியிலும் கூடும்.

எனக்குப் பெரிய சந்தேகம் ரத்தம் எடுக்கும் இடத்திலேயே. ஊசி குத்தும்போது சிவப்பணுக்கள் உடைந்தால், உள்ளே நிறைந்திருக்கும் மிர்-451, மிர்-16 எல்லாம் சீரத்தில் கொட்டிவிடும். புற்றுநோயின் அடையாளம் என்று அதுவரை சொல்லப்பட்டிருந்த 79 மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை 2012இல் ஓர் ஆய்வு அலசியது. அவற்றில் 46, சாதாரண ரத்த அணுக்களிலேயே தாராளமாக இருப்பவை.