ஏர்பேக் லைட் அணையவே இல்லையா? பழைய கார்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் வரிசையாகச் சில விளக்குகள் எரிந்து, பிறகு ஒவ்வொன்றாக அணையும். அதில் ஒன்றில், சீட்டில் உட்கார்ந்திருக்கும் ஆள், அவர் முன்னால் பெரிய பந்து என்பது போன்ற படம் இருக்கும். அதுதான் ஏர்பேக் லைட். சில கார்களில் படத்துக்குப் பதிலாக 'எஸ்ஆர்எஸ்' என்று எழுத்து வரும். ஐந்தாறு விநாடிகளில் அணைய வேண்டிய அந்த லைட் அணையாமல் நின்றுவிட்டால் என்ன அர்த்தம்?

பத்து வருடம் ஓடிய காரில் இது அடிக்கடி வரும் கோளாறுதான். வண்டி வழக்கம்போல ஓடும். ஏசி குளிரும். மைலேஜ் குறையாது. அதனால், "அது பாட்டுக்கு எரியட்டும், அடுத்த சர்வீஸில் பார்த்துக்கலாம்" என்று பலரும் மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்த லைட் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இப்போது எங்காவது மோதினால் ஏர்பேக் விரியும் என்று நம்பாதீர்கள். சில கார்களில் கோளாறு உள்ள ஒரு பை மட்டும் வேலை செய்யாது. சில கார்களில் மொத்த அமைப்பும் நின்றுவிடும். உங்கள் காரில் எது என்பதை ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. ஆகவே எல்லாமே வேலை செய்யாது என்று எடுத்துக்கொண்டு ஓட்டுவதே சரி.

சீட் பெல்ட்டை நொடியில் இறுக்கும் ப்ரீடென்ஷனரும் இதே அமைப்பைச் சேர்ந்ததுதான். லைட் எரியும்போது அதுவும் கைவிடலாம். ஆனால் பெல்ட் வெடுக்கென்று இழுபடும்போது பூட்டிக்கொள்வது மெக்கானிக்கல் வேலை, அது நடக்கும். லைட் எரியும் காரில் பெல்ட் போடாமல் போவது இரண்டு காப்புகளையும் ஒரேயடியாக விடுவதற்குச் சமம்.

பை கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. லைட் எரிந்தாலே ஏர்பேக்கை மாற்ற வேண்டும், பெரிய செலவு என்று பயப்படுகிறவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பல கார்களில் இரண்டு முன் சீட்டுகளுக்கும் நடுவே, கியர் பகுதிக்குக் கீழே, தரையோடு முடுக்கிய ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதுதான் கன்ட்ரோல் யூனிட். சாவி போடும் ஒவ்வொரு முறையும் அது ஒவ்வொரு ஏர்பேக் சர்க்யூட்டுக்குள்ளும் மிக மெல்லிய மின்சாரத்தை அனுப்பி, மின்தடை சரியாக இருக்கிறதா என்று அளந்து பார்க்கும். அந்த அளவு வழக்கமாக 2, 3 ஓம் அளவில்தான் இருக்கும். எங்கோ ஒரு கனெக்டரில் துரு ஏறி, தடை ஓரிரண்டு ஓம் கூடினாலே போதும், யூனிட் லைட்டைப் போட்டுவிடும். காரின் மற்ற வயர்களில் இந்தச் சின்ன வித்தியாசம் யாருக்கும் தெரியவே தெரியாது. இங்கே தெரிகிறது. பழைய காரில் முதலில் தளர்வது பை அல்ல, பைக்குப் போகும் வழிதான்.

அந்த வழியில் அடிக்கடி மாட்டுவது இரண்டு இடங்கள்.

முதலாவது, முன் சீட்டுக்கு அடியில் உள்ள கனெக்டர். ஏர்பேக் வயர்களும் கனெக்டர்களும் பொதுவாக மஞ்சள் நிறத்தில் இருக்கும். தொடாதே என்பதற்கான அடையாளம் அது. பெல்ட் பக்கிள், பக்கவாட்டு ஏர்பேக் ஆகியவற்றின் வயர்கள் சீட்டுக்கு அடியில் போவதால், சீட்டை முன்னும் பின்னும் தள்ளும்போதெல்லாம் அவையும் அசையும். சீட் கவர் மாற்றியவுடனோ, உள்ளே வாக்குவம் போட்டுச் சுத்தம் செய்தவுடனோ, சீட்டுக்கு அடியில் குடை, தண்ணீர் பாட்டில் என்று திணித்த பிறகோ லைட் வந்தால் சந்தேகம் இங்கேதான். சீட்டை நகர்த்தும்போது லைட் வந்து வந்து போனால் கிட்டத்தட்ட உறுதி. (பக்கவாட்டு ஏர்பேக் உள்ள சீட்டுக்குச் சாதாரண கவர் போட்டுத் தைத்து மூடுவதே தப்பு. பை கிழித்துக்கொண்டு வர வழி வேண்டாமா?)

இரண்டாவது, ஸ்டீயரிங்குக்குள் இருக்கும் கிளாக் ஸ்பிரிங். பெயர் ஸ்பிரிங் என்றாலும் அது உண்மையில் சுருட்டி வைத்த ஒரு தட்டையான ரிப்பன் வயர். ஸ்டீயரிங் சுற்றிக்கொண்டே இருக்கும், அதன் நடுவே உள்ள ஏர்பேக்குக்கு வயர் அறுபடாமல் போக வேண்டும். அதற்காகத்தான் இந்தச் சுருள் விரிந்தும் சுருங்கியும் கொடுக்கிறது. பல வருடம் திருப்பித் திருப்பி ஒரு நாள் விரிசல் விடும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பல கார்களில் ஹாரனும் ஸ்டீயரிங்கில் உள்ள ஆடியோ பட்டன்களும் இதே ரிப்பன் வழியாகத்தான் போகின்றன. ஏர்பேக் லைட் எரிகிறது, ஹாரனும் சில நேரம் அடிக்கிறது, சில நேரம் அடிப்பதில்லை என்றால் கிளாக் ஸ்பிரிங்கைப் பார்க்கச் சொல்லலாம். ஸ்டீயரிங் வேலை ஏதாவது செய்து, கழற்றி மாட்டிய பிறகு லைட் வந்தாலும் இதுதான். நடுநிலையில் வைத்துப் பொருத்தாவிட்டால் ஒரு பக்கம் முழுசாகத் திருப்பும்போது ரிப்பன் இழுபட்டு அறுந்துவிடும்.

மற்றவை சுருக்கமாக. பேட்டரி இறங்கிப்போய் ஜம்ப் ஸ்டார்ட் செய்த பிறகு, குறைந்த வோல்ட்டேஜ் என்று ஒரு கோடு பதிவாகி லைட் நின்றுவிடலாம். எலி வயரைக் கடித்திருக்கலாம். பெல்ட் பக்கிளுக்குள் சில்லறைக் காசோ பிஸ்கட் தூளோ விழுந்திருக்கலாம். 2015-லும், 2023 மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் வெள்ளத்தில் நின்ற கார்களுக்கு இன்னொரு ஆபத்து: கன்ட்ரோல் யூனிட் தரையோடு இருப்பதால் தண்ணீர் முதலில் தொடும் மின்னணுப் பெட்டிகளில் அதுவும் ஒன்று. வண்டி காய்ந்து, ஓடி, பல மாதம் கழித்துக்கூட உள்ளே பச்சை பூத்து லைட் வரலாம். யூனிட்டே போய்விட்டால் செலவு அதிகம்தான்.

கோடு என்ன சொல்கிறது?

ஆன்லைனில் வாங்கும் மலிவான புளூடூத் ஸ்கேனர்கள் பெரும்பாலும் 'பி' வரிசை என்ஜின் கோடுகளை மட்டுமே படிக்கும். "கோளாறு எதுவும் இல்லை" என்று அது சொன்னால் ஏமாந்துவிடாதீர்கள். ஏர்பேக் யூனிட்டோடு அது பேசவே இல்லை. ஏர்பேக் பகுதிக்குள் போகும் ஸ்கேனர் கம்பெனி சர்வீஸ் சென்டரிலும், நல்ல தனியார் ஒர்க்‌ஷாப்பிலும் இருக்கும். அங்கே கேட்க வேண்டியது, "கோடு என்னண்ணா? அழிக்கிறதுக்கு முன்னாடி எழுதிக் கொடுங்க" என்பதைத்தான். எந்த சர்க்யூட், தடை கூடிவிட்டதா குறைந்துவிட்டதா, கோளாறு இப்போதும் இருக்கிறதா பழைய பதிவா என்று கோடே சொல்லிவிடும். பழைய பதிவு என்றால் அழித்த பிறகு திரும்ப வராது. அழித்த உடனேயே வந்தால் கோளாறு அங்கேயே இருக்கிறது. கோடு பார்க்காமலேயே "யூனிட் மாத்தணும் சார்" என்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

ஒன்றை மட்டும் வீட்டில் செய்யவே கூடாது. மல்டிமீட்டரை ஏர்பேக்கில் வைத்து அளக்காதீர்கள். மீட்டர் அனுப்பும் மின்சாரமே அதை வெடிக்க வைக்கலாம். விபத்தில் கண் சிமிட்டும் நேரத்துக்குள் விரிகிற பொருள் அது. முகத்துக்கு நேரே வெடித்தால் காயம் சாதாரணமாக இருக்காது. ஒர்க்‌ஷாப்பில்கூட, பையின் இடத்தில் அதே தடை உள்ள ஒரு சோதனை ரெசிஸ்டரை மாட்டித்தான் வயரைச் சோதிப்பார்கள். பேட்டரியைக் கழற்றினாலும் யூனிட்டுக்குள் மின்சாரம் சற்று நேரம் தங்கியிருக்கும் என்பதால், கையேட்டில் சொன்ன நிமிடங்கள் காத்திருந்த பிறகே மஞ்சள் கனெக்டரைத் தொடுவார்கள்.

அணைந்த லைட்டும் பொய் சொல்லும்

அந்த ரெசிஸ்டரை வைத்துத்தான் மோசடியும் நடக்கிறது. விபத்தில் பை விரிந்துபோன காருக்குப் புதுப் பை போடாமல், அந்த இடத்தில் ரெசிஸ்டரை வைத்து மூடிவிட்டால், யூனிட் தடையை அளக்கும், சரியாக இருக்கிறது என்று நம்பும், லைட் அணையும். இன்னும் மோசமானவர்கள் லைட்டையே பிடுங்கிவிடுவார்கள், அல்லது வேறு லைட்டோடு சேர்த்து முடிந்துவிடுவார்கள்.

எனவே செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கும்போது லைட் எரியவில்லை என்று திருப்திப்பட்டுவிடக் கூடாது. என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆனில் வையுங்கள். ஏர்பேக் லைட் முதலில் வர வேண்டும். பிறகு தானாக அணைய வேண்டும். வரவே இல்லையென்றால் கேள்வி கேளுங்கள். ஆயில் லைட்டோடு சேர்ந்து சரியாக ஒரே நேரத்தில் அணைந்தாலும் கேளுங்கள். டேஷ்போர்டில் பயணி பக்கம் நிறம் மாறியிருக்கிறதா, ஸ்டீயரிங் நடு மூடி புதிதாகப் பளபளக்கிறதா, பெல்ட் இழுத்தால் தடங்கல் இல்லாமல் திரும்பிப் போகிறதா என்றும் பாருங்கள். ஆனால் காரில் ஏர்பேக் முதலிலேயே இருந்ததா என்பதும் முக்கியம். இந்தியாவில் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயமானதே 2019 ஜூலையில்தான். முன்சீட்டுப் பயணிக்கும் வேண்டும் என்ற விதி 2021-ல் வந்தது. அதற்கு முந்தைய பல மாடல்களில் விலை குறைந்த வேரியன்ட்டில் ஏர்பேக்கே கிடையாது. ஸ்டீயரிங் நடுவில் 'எஸ்ஆர்எஸ் ஏர்பேக்' என்று பதித்திருந்தால், லைட்டும் வந்தே ஆக வேண்டும்.

லைட்டால் பிடிக்கவே முடியாத கோளாறும் ஒன்று உண்டு. ஜப்பானின் டகாட்டா நிறுவனம் தயாரித்த ஏர்பேக்குகளில் பையை ஊத வைக்க அம்மோனியம் நைட்ரேட் பயன்படுத்தப்பட்டது. வருடக்கணக்கில் வெப்பமும் ஈரப்பதமும் பட்டு அது கெட்டு, விரியும்போது அளவுக்கு மீறி வெடித்து, உலோகத் துண்டுகளை ஓட்டுநர் மீதே வீசியது. பலர் இறந்தனர். அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி ஏர்பேக்குகள் திரும்பப் பெறப்பட்டன. சூடும் ஈரமும் அதிகமுள்ள மாகாணங்களுக்கு முன்னுரிமை தரப்பட்டது. நிறுவனம் 2017-ல் திவாலானது. நம் கடலோர ஊர்களின் வெயிலையும் புழுக்கத்தையும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஹோண்டா, டொயோட்டா உள்ளிட்ட நிறுவனங்கள் இந்தியாவிலும் பழைய மாடல்கள் சிலவற்றை இதற்காகத் திரும்ப அழைத்தன. இந்தப் பைகளில் மின்தடை சரியாகவே இருக்கும், லைட்டும் ஒழுங்காக அணையும். ஆர்சி புத்தகத்தில் உள்ள 17 இலக்க சேஸிஸ் எண்ணை எடுத்துக்கொண்டு, கார் நிறுவனத்தின் இணையதளத்திலோ சர்வீஸ் சென்டரிலோ "ரீகால் பாக்கி இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் மூன்றாவது ஓனராக இருந்தாலும் ரீகால் வேலைக்குக் காசு கிடையாது.